விலாங்குப் பிரபு

இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற சித்திரக்காரர் வில்லியம் ஹோகார்த், 1746-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஸெயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊருக்குச் சென்று, அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்த கிழவர் ஒருவரைப் படம் எழுதி வந்தார். கிழவர் சாதாரண வழிப்போக்கர் அல்லர். ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிப்பாய்களின் காவலில் லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட கைதி. வயது எண்பதை நெருங்கி விட்டது. நடக்க முடியாத அளவுக்குப் பருத்த உடல். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையின் விரல்களை மறு கை விரலால் தொட்டு எதையோ எண்ணிக் கொண்டிருக்கிறார். முகத்திலே ஒரு சிரிப்பு. அது குழந்தைச் சிரிப்பா, கள்ளச் சிரிப்பா என்று பார்ப்பவர்களால் நிச்சயம் செய்ய முடியாது. அவர் எண்ணிக் கொண்டிருந்தது, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் எந்தெந்தக் குலங்கள் எத்தனை வீரர்களோடு அரசருக்கு விரோதமாகக் கிளம்பின என்ற கணக்கைத்தான்.

அந்தப் படம் அச்சாகி வெளிவந்தபோது, யந்திரம் இரவு பகலாக ஓடியும் கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி கொடுக்க முடியவில்லை என்று சொல்வார்கள். படத்தில் இருந்தவர் பெயர் ஸைமன் பிரேஸர். லவட் பிரபு என்பது அவருடைய பட்டம்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டிப் பிழைக்கும் விலாங்கைப் பற்றி நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இரண்டு ராஜ குடும்பங்களுக்கு நடுவே அவ்விதம் நெளிந்து நெளிந்து வாழ்ந்து, கடைசியில் கொலைக் களத்தில் தலையைக் கொடுத்தவர் இந்தப் பிரபு. அவருடைய கதையில் ஹாஸ்யமும் உண்டு, கொடுமையும் உண்டு, நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய விஷயமும் உண்டு.

இரண்டு அரசர்கள், ஒரு சிம்மாசனம்

முதலில் அக்காலத்து நிலைமையைச் சுருக்கமாகத் தெரிந்து கொள்வோம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டையும் ஆண்ட ஸ்டூவர்ட் வமிசத்து ஜேம்ஸ் அரசர் கத்தோலிக்க மதத்தினர். பிராடெஸ்டண்ட் மதத்தைச் சேர்ந்த பிரபுக்கள் அவரை வெறுத்தனர். 1688-ம் வருஷப் புரட்சியில் அவர் முடியிழந்து பிரான்ஸுக்கு ஓடினார். அவருடைய மருமகனான வில்லியமும் மகள் மேரியும் அரசு கட்டில் ஏறினார்கள். அவர்களுக்குப் பின் ஆன் ராணி ஆண்டாள். அவள் 1714-ல் இறந்ததும் ஜெர்மனியிலிருந்து ஹானோவர் வமிசத்து ஜார்ஜ் வரவழைக்கப்பட்டு அரசரானார்.

ஓடிப்போன ஜேம்ஸுக்கும், அவருக்குப்பின் அவர் மகனுக்கும், பிறகு அவருடைய பேரரான சார்லஸ் இளவரசருக்கும் உரிமை உண்டென்று நம்பியவர்கள் 'ஜாக்கபைட்டுகள்' எனப்பட்டனர். ஜேம்ஸ் என்னும் பெயருக்கு லத்தீன் வடிவம் ஜாக்கபஸ். அதிலிருந்து வந்தது இப்பெயர்.

இதோடு இன்னொரு மனக்குறையும் சேர்ந்து கொண்டது. 1707-ல் ஸ்காட்லாந்தின் தனிப் பார்லிமெண்டு கலைக்கப்பட்டு, அந்த நாடு இங்கிலாந்துடன் ஒரே ராஜ்யமாக இணைக்கப்பட்டது. அன்று மூடிய கதவு திறக்க 292 வருஷங்கள் ஆயின. 1999-ல்தான் எடின்பரோவில் மீண்டும் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு கூடியது. ஆகவே ஸ்டூவர்ட் கட்சியில் சேர்ந்தவர்களில் அரச பக்தியால் வந்தவர்களும் உண்டு; மத அபிமானத்தால் வந்தவர்களும் உண்டு; இழந்த சுதந்தரத்தை எண்ணி வந்தவர்களும் உண்டு. வேறு சிலர் தங்கள் சொந்தக் கணக்கைத் தீர்த்துக் கொள்ள வந்தார்கள். ஸைமன் பிரேஸர் இந்தக் கடைசி வகுப்பைச் சேர்ந்தவர்.

ஒரு பட்டமும் ஒரு பலாத்காரமும்

ஸ்காட்லாந்தின் வடபாகத்திலுள்ள மலைநாட்டில் ஜனங்கள் குலம் குலமாக வாழ்ந்தனர். குலத் தலைவனே அவர்களுக்கு நிலச் சொந்தக்காரன், அவனே நீதிபதி, அவனே படைத் தலைவன். அவன் அழைத்தால் குடியானவன் கலப்பையை விட்டு வாளை எடுத்தாக வேண்டும். இன்வர்னஸ் நகரத்தைச் சுற்றிய பிரதேசத்தில் வாழ்ந்த பிரேஸர் குலத்தின் தலைவருக்கு லவட் பிரபு என்று பெயர்.

ஸைமன் அக்குலத்தின் இளைய கிளையில் பிறந்தவர். அபெர்டீன் கலாசாலையில் படித்தவர். லத்தீனும் பிரெஞ்சும் கேலிக் மொழியும் நாவில் புரளும். 1696-ல் அப்போதைய லவட் பிரபு ஆண் வாரிசின்றி இறந்தார். இறக்கு முன், சொத்து ஸைமனின் தந்தையைச் சேரும்படி அவரிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கப்பட்டிருந்தது. ஆனால் இறந்தவரின் விதவையான அமீலியா, அத்தால் என்னும் மகா பலம் பொருந்திய குடும்பத்தின் பெண். அவளுடைய மகளுக்கே சொத்தும் பட்டமும் சேரவேண்டும் என்று அத்தால் குடும்பத்தார் வாதாடினர். அந்தச் சிறுமியை ஸால்டன் பிரபுவின் மகனுக்குக் கட்டி வைக்க ஏற்பாடுகளும் நடந்தன.

ஸைமன் நியாயஸ்தலத்தை நம்பவில்லை. 1697-ம் வருஷத்தில் ஒரு நாள், வழியில் வந்து கொண்டிருந்த ஸால்டன் பிரபுவை ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் மறித்துச் சிறைப் பிடித்தார். அவருடைய கண்ணுக்கெதிரே தூக்கு மரமும் நாட்டினார். சம்பந்தத்தைக் கைவிட்டு விடுவதாக அவர் ஒப்புக் கொண்டார்.

அதன் பின் நடந்ததுதான் ஸைமனின் பெயரில் அழியாத கறையை ஏற்படுத்தியது. மகள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால், தாயையே மணப்பதென்று அவர் தீர்மானித்தார். நள்ளிரவில் டௌனி கோட்டைக்குள் புகுந்து, ஒரு பாதிரியைக் கட்டாயப்படுத்தி, அழுது கதறிய அமீலியாவுக்குத் தாலி கட்டாத குறையாக விவாகச் சடங்கை நடத்தி முடித்தார். அவளுடைய கூக்குரல் வெளியே கேட்காதபடி, அடுத்த அறையில் பைக்குழல்களை உரக்க வாசிக்கச் செய்தார் என்று சரித்திரம் கூறுகிறது. பிற்காலத்தில் அந்த விவாகம் நடக்கவே இல்லை என்று அவரே மறுத்து, அந்த அம்மாள் உயிரோடிருக்கும்போதே வேறு பெண்களை மணந்து கொண்டார்.

அரசாங்கம் அவரை ராஜத்துரோகியென்று தீர்மானித்து, அவர் இல்லாமலே 1698-ல் மரண தண்டனை விதித்தது. குன்றுகளில் ஒளிந்து திரிந்தார். 1699-ல் தந்தை இறந்ததும் 'நானே லவட் பிரபு' என்று சொல்லிக் கொண்டார். வில்லியம் அரசரைக் கெஞ்சி ஒரு பாதி மன்னிப்பும் பெற்றார். ஆனால் அமீலியாவின் விஷயமாக அத்தால் குடும்பத்தார் தொடர்ந்த வழக்கு அவரை விடவில்லை. 1702-ல் கடல் கடந்து பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

பிரெஞ்சு தேசத்தில்

பாரிஸ் நகரத்துக்கருகே ஸெயின்ட் ஜெர்மேன் என்னும் இடத்தில் ஸ்டூவர்ட்டுகளின் அகதி தர்பார் நடந்து கொண்டிருந்தது. ஸைமன் அங்கே சென்று, ஸ்டூவர்ட் குடும்பத்தின்பால் தமக்குள்ள பக்தியை வானளாவ எடுத்துச் சொன்னார். கத்தோலிக்க மதத்திலும் சேர்ந்து கொண்டார். பதினாலாம் லூயி அரசரையும் கண்டு, மலைநாட்டுக் குலங்கள் அத்தனையும் தம் சொல்லுக்குக் காத்திருப்பதாகத் தெரிவித்தார். அதன் பேரில் 1703-ல், ஸ்காட்லாந்தின் நிலைமையை இரகசியமாக அறிந்து வரும்படி அவரை அனுப்பினார்கள்.

போனவர் என்ன செய்தார்? ஸ்காட்லாந்தில் ஆன் ராணியின் பிரதிநிதியாக இருந்த குவீன்ஸ்பெரி பிரபுவைச் சந்தித்து, சதி முழுவதையும் அவரிடம் விற்றார். ஸ்டூவர்ட் ராஜமாதா எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றும் அவர் கையில் இருந்தது. அதை அத்தால் பிரபுவுக்கு வந்த கடிதமென்று காட்டினார். அந்தப் பிரபு அமீலியாவின் சகோதரர். ஒரே கல்லில் இரண்டு காய்: ராஜாங்கத்தின் தயவு ஒன்று, ஜன்மப் பகைவனின் தலை மற்றொன்று.

காய் இரண்டும் விழவில்லை. சூது வெளிப்பட்டு, குவீன்ஸ்பெரியின் பதவிக்கே ஆபத்து வந்தது. ஸைமன் மீண்டும் பிரான்ஸுக்கு ஓடினார். இதற்குள் அங்கேயும் விஷயம் தெரிந்து விட்டது. அங்கோலேம் கோட்டையிலும் பின்னர் ஸோமூர் நகரிலுமாகச் சுமார் பத்து வருஷம் அவர் காவலில் கழிக்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் தம்முடைய சுயசரிதையைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அது அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகு, 1797-ல் அச்சாயிற்று. உலகமே தமக்குத் துரோகம் செய்துவிட்டது என்பதுதான் அதில் அவர் பாடும் பல்லவி.

பிரேஸர் குலத்தார் அவரை மறக்கவில்லை என்பதே இங்கு ஆச்சரியம். சிறுமி அமீலியாவை மணந்த மெக்கென்ஸி குடும்பத்துப் பிரபு ஒருவர் அவர்களுடைய நிலங்களை அநுபவித்துக் கொண்டிருந்தார். வேற்றுக் குலத்தான் ஒருவன் தங்களை ஆள்வதை அவர்களால் சகிக்க முடியவில்லை. ஜேம்ஸ் பிரேஸர் என்னும் விசுவாசியான மேஜர் ஒருவர், தலைவரைத் தேடி பிரான்ஸுக்கே பிரயாணம் செய்தார். 1714-ம் வருஷக் கடைசியில் இருவரும் காவலிலிருந்து தப்பிப் படகேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தனர்.

ஒரு கலகம் கொடுத்த பாக்கியம்

அடுத்த வருஷமே ஸைமனின் அதிர்ஷ்டம் திரும்பியது. 1715-ல் மார் பிரபு ஸ்டூவர்ட் கொடியை உயர்த்திக் கலகம் செய்தார். மெக்கென்ஸி பிரபு பிரேஸர் குலத்தாரையும் கூட்டிக் கொண்டு கலகக்காரர்களுடன் சேர்ந்தார். பகைவன் ஸ்டூவர்ட் பக்கம் போனான் அல்லவா? ஆகவே ஸைமன் ஜார்ஜ் அரசரின் பக்கம் நின்றார். இத்தனை வருஷம் ஸ்டூவர்ட்டுகளின் உப்பைத் தின்றவர், வடக்கே விரைந்து சென்று தம் குலத்தாருக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் மாரின் பாசறையை விட்டு அப்படியே எழுந்து வந்து விட்டார்கள். ஷெரிப்மூர் யுத்தம் நடந்த அதே நவம்பர் மாதத்தில் இன்வர்னஸ் நகரத்தை அரசாங்கத்துக்காக மீட்பதிலும் அவர் துணை செய்தார்.

சர்க்கார் இதை மறக்கவில்லை. 1716-ல் பூரண மன்னிப்பு கிடைத்தது. மெக்கென்ஸியிடமிருந்து பறிமுதலான லவட் நிலங்களை ஆயுள் வரையில் அநுபவிக்கும் உரிமையும் கிடைத்தது. 1725-ல் மலைநாட்டைக் காவல் செய்ய ஏற்படுத்தப்பட்ட தனிப் பட்டாளங்களில் ஒன்றுக்கு அவர் காப்டனானார். இன்வர்னஸ் ஜில்லாவின் ஷெரிப் உத்தியோகமும் வந்தது. 1730-ல் எடின்பரோ நியாயஸ்தலம் லவட் பிரபு என்ற பட்டமும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. முப்பத்து நாலு வருஷமாக எதற்காகப் பொய் சொன்னாரோ, ஓடினாரோ, சிறையிருந்தாரோ, அது கைக்கு வந்து விட்டது.

டௌனி கோட்டையில் அவர் நடத்திய விருந்துகளைப் பற்றிப் பல வர்ணனைகள் உண்டு. ஒரே நீண்ட மேஜை. மேல் கோடியில் பிரபுவும் பெரிய மனிதர்களும். அவர்களுக்கு உயர்ந்த பிரெஞ்சுத் திராட்சை ரசம். கீழே போகப் போக அந்தஸ்தும் குறையும், பானமும் மட்டமாகும். கடைசியில் இருப்பவர்களுக்குச் சாதாரண பீர். ஆனால் பெயர் சொல்லி விசாரிக்கப்படாமல் எவனும் எழுந்து போனதில்லை. இந்த முகஸ்துதியால்தான் அவர் ஆட்களைக் கட்டியாண்டார். முகஸ்துதிக்கு மசியாதவர்களை வேறு விதத்தில் கவனித்தார். அவருடைய கடைசி மனைவியான பிரிம்ரோஸ் காம்ப்பெல் அவருடைய கொடுமை தாளாமல் பிரிந்து வாழ்ந்தாள்.

இவ்வளவு கிடைத்த பிறகு மனிதர் திருப்தியடைந்திருக்கலாம். ஆனால் 1740-ம் வருஷத்தையொட்டி, அவரைச் சந்தேகித்த சர்க்கார், பட்டாளப் பதவியையும் ஷெரிப் உத்தியோகத்தையும் பறித்து விட்டது. அவமானம் நெஞ்சில் தைத்தது. மற்றொரு பக்கத்தில், ரோமாபுரியிலிருந்த ஸ்டூவர்ட் அரசர் அவருக்கு டியூக் பட்டமே வாக்களித்தார். சார்லஸ் இளவரசரை வரவழைக்க முயன்ற பிரபுக்களின் இரகசியக் கூட்டத்தில் லவட் பிரபுவும் சேர்ந்தார். பிரெஞ்சுப் படை கூட வர வேண்டும் என்பது நிபந்தனை. கிழவருக்கு உறுதி உண்டு. ஆனால் ஓலைச் சீட்டில் மட்டும்.

இரண்டு விதமான கடிதங்கள்

1745-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி சார்லஸ் இளவரசர் எரிஸ்கே என்னும் சிறு தீவில் வந்து இறங்கினார். அவருடன் பிரெஞ்சுப் படை வரவில்லை; விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்தனர். ஆகஸ்டு 19-ந் தேதி கிளென்பின்னன் பள்ளத்தாக்கில் கொடி ஏற்றினார். குலத் தலைவர்களில் சிலர் வந்தனர், சிலர் வரவில்லை. லவட் பிரபு வந்ததாகவும் சொல்ல முடியாது. வராமலிருந்ததாகவும் சொல்ல முடியாது.

அவருக்கு அயலில் கலோடன் மாளிகையில் டங்கன் ஃபோர்ப்ஸ் என்பவர் வசித்தார். ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி. ஜார்ஜ் அரசரிடம் மாறாத விசுவாசம் உடையவர். அதே சமயம் தம் நாட்டு ஏழை எளியவர்களிடம் மாறாத அன்பும் உடையவர். மலைநாட்டில் பல குலங்கள் கலகத்தில் சேராமல் நின்றதற்கு அவருடைய முயற்சியே காரணம். அவருக்கு லவட் பிரபு ஓயாமல் கடிதம் எழுதினார். தாம் அரசருடைய பரம விசுவாசியென்றும், நோயாலும் முதுமையாலும் படுத்த படுக்கையாகி விட்டதாகவும் அதில் கண்டிருக்கும். அதே மேஜையிலிருந்து, அதே மையினால், இளவரசருக்கும் கடிதங்கள் போயின.

செப்டம்பர் 21-ந் தேதி பிரஸ்டன்பான்ஸ் என்ற இடத்தில் இளவரசரின் ஆட்கள் சர்க்கார் படையைச் சில நிமிஷங்களில் சிதற அடித்தனர். செய்தி வந்ததும் கிழவரின் நோய் பாதி குணமாகி விட்டது. அக்டோபர் மாதத்தில் பிரேஸர் குலத்தார் சிலர் இரவில் கலோடன் மாளிகையைத் தாக்கி ஃபோர்ப்ஸைச் சிறைப் பிடிக்க முயன்றார்கள். முயற்சி பலிக்கவில்லை. மறுபடி கடிதம் பறந்தது: இந்த அக்கிரமத்தைக் கேட்டுத் தாம் மனம் பதைத்ததாக!

எல்லாவற்றிலும் மனத்தை உறுத்துவது அவர் தம் மகனை உபயோகித்த விதம். மூத்த மகன் பெயரும் ஸைமன்தான். வயது பத்தொன்பது, ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் கலாசாலையில் படித்துக் கொண்டிருந்தான். அவனை வரவழைத்துக் குலத்துப் படையின் தலைமையில் நிறுத்தி, இளவரசரிடம் அனுப்பினார். உடனே ஃபோர்ப்ஸுக்கு எழுதினார்: பிள்ளை தன் சொல்லைக் கேட்பதில்லை, துஷ்ட சகவாசத்தால் கெட்டுப் போனான், கிழவன் என்ன செய்வேன்? இளவரசர் ஜயித்தால் மகன் செய்த சேவைக்குத் தந்தை டியூக் ஆவார். ஜார்ஜ் அரசர் ஜயித்தால் மகன் செய்த குற்றம் மகனோடு போகும். நிலம் தந்தையிடம் நிலைக்கும். சூதாட்டத்தில் பெற்ற பிள்ளையைப் பணயமாக வைத்தவர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரே சமயத்தில் பந்தயம் கட்டியவரை வேறெங்கே காண்போம்!

ஃபோர்ப்ஸ் ஏமாறவில்லை. டிசம்பர் மாதத்தில் லௌடன் பிரபு சர்க்கார் படையுடன் சென்று கிழவரை இன்வர்னஸுக்குக் கொண்டு வந்து காவலில் வைத்தார். வருஷம் பிறந்த சமயத்தில் ஒரு நாள் இரவு, நடக்கவே முடியாதவர் என்று எல்லோரும் நம்பிய அந்த மனிதர் காவலிலிருந்து தப்பி மறைந்து விட்டார்.

கலோடன்

1746-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி, அதே ஃபோர்ப்ஸின் மாளிகைக்கருகே உள்ள பொட்டல் வெளியில் இறுதி யுத்தம் நடந்தது. கம்பர்லண்டு டியூக்கின் பீரங்கிகளுக்கு முன்னால் பட்டினியோடும் தூக்கமின்றியும் நின்ற மலைநாட்டார், ஒரு மணி நேரத்துக்குள் நிர்மூலமானார்கள். முன் வரிசையில் நின்றவர்களில் பிரேஸர் குலத்தாரும் இருந்தனர். அவர்களை நடத்திச் சென்ற இன்வரலாக்கி சார்லஸ் பிரேஸர் என்னும் இளைஞர் அங்கே மாண்டார். காயமுற்றுக் கிடந்த அவரைச் சுடும்படி உத்தரவிடப்பட்டபோது, உல்ப் என்னும் இளம் அதிகாரி, 'என் உத்தியோகத்தை வேண்டுமானால் எடுத்துக் கொள்ளுங்கள்' என்று மறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது.

இறந்த குடியானவர்களில் எத்தனை பேர் ஜேம்ஸ் யார், ஜார்ஜ் யார் என்று ஆராய்ந்து களத்துக்கு வந்தவர்கள்? தலைவர் அழைத்தார், வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் அதே தலைவர் எதிர்ப் பக்கம் அழைத்தபோதும் அவர்களுடைய தந்தையர் வந்தார்கள்.

அன்றிரவு தோற்றோடிய இளவரசர் கார்த்லெக் என்ற இடத்தில் ஒரு வீட்டுக்கு வந்தார். அங்கே தான் கிழவரும் அவரும் முதன் முதலாக நேருக்கு நேர் சந்தித்தனர். ராபர்ட் புரூஸ் பதினொரு யுத்தங்களில் தோற்றுப் பன்னிரண்டாவதில் ஸ்காட்லாந்தை மீட்டதை நினைவூட்டிக் கிழவர் தைரியம் கூறினார் என்பர். இளவரசர் நிற்கவில்லை. டௌனி கோட்டையைச் சர்க்கார் படை கொளுத்தியது. எந்தக் கோட்டைக்காக வாழ்நாளெல்லாம் இரட்டை வேஷம் போட்டாரோ, அது எரிவதை மலைமேலிருந்து பார்க்கும்படி ஆயிற்று.

ஜூன் மாதத்தில் மோரார் ஏரியிலுள்ள ஒரு சிறு தீவில் அவரைக் கண்டுபிடித்தார்கள். பொந்து விழுந்த ஒரு மரத்துக்குள் அந்தப் பெரிய சரீரத்தை ஒளித்து வைத்திருந்தார் என்று கூறுவர். ஓடவும் முடியாது, நடக்கவும் முடியாது. டோலியில் வைத்துச் சுமந்து லண்டனுக்குக் கொண்டு சென்றார்கள். வழியில்தான் ஹோகார்த் அவரைச் சந்தித்தார்.

விசாரணையும் முடிவும்

1747-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபையின் முன் விசாரணை தொடங்கியது. அவருக்கு எதிராக வந்த முக்கிய சாட்சி யார் தெரியுமா? சார்லஸ் இளவரசரின் சொந்தக் காரியதரிசியாயிருந்த மர்ரே! தம் உயிரைக் காத்துக் கொள்ள அவர் சர்க்கார் சாட்சியாக மாறி, கிழவர் எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்து நீட்டினார். நாற்பது வருஷத்துக்கு முன் கிழவர் பிறருக்குச் செய்தது இப்போது அவருக்கே திரும்பி வந்தது.

ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். அவ்விதமான விசாரணைகளில், சட்ட நுணுக்கம் பற்றிய கேள்வி தவிர மற்ற விஷயங்களில் கைதிக்காக வக்கீல் பேசக்கூடாது என்பது அக்காலத்து விதி. கண் மங்கி, காது மந்தமான கிழவர், சாட்சிகளைத் தாமே குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது. அவர் அதைப் பற்றி முறையிட்டது பயன்படவில்லை. ஆனால் அவர் இறந்த அதே வருஷத்தில், இனி அப்படிக் குற்றம் சாட்டப்படுவோருக்கு வக்கீல் உதவி உண்டு என்று பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. அவருடைய வாழ்க்கையால் உலகத்துக்கு விளைந்த நன்மையென்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லலாம். அதுவும் அவர் நினைத்துச் செய்ததன்று.

பிரபுக்கள் ஒருமுகமாகக் குற்றவாளியென்று தீர்மானித்தார்கள். ஏப்ரல் 9-ந் தேதி டவர் குன்றில் தண்டனை நிறைவேறியது. வேடிக்கை பார்க்க அவ்வளவு ஜனங்கள் கூடியதால், மரத்தால் கட்டிய ஒரு மேடை சரிந்து விழுந்து சுமார் இருபது பேர் மாண்டார்கள். தம்முடைய சாவைக் காண வந்தவர்கள் தமக்கு முன்னே போனது கண்டு கிழவர் நகைத்தாராம். கொலையாளிக்குப் பத்துப் பொன் கொடுத்தார். கோடரியின் கூர்மையைத் தடவிப் பார்த்தார். கத்தோலிக்கனாகச் சாவதாக அறிவித்தார். தாய்நாட்டுக்காக உயிர் விடுதலின் பெருமையைப் பற்றி ஹோரஸ் என்னும் லத்தீன் கவி பாடிய அடியைச் சொல்லி விட்டுத் தலையைக் கட்டையில் வைத்தார். பிரிட்டனில் கோடரியால் சிரச்சேதம் செய்யப்பட்டு உயிர் துறந்த கடைசி மனிதர் அவரே.

செத்த பிறகும் அவர் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை! உடல் டவரில் உள்ள கோயிலில் புதைக்கப்பட்டதென்று சர்க்கார் கூறிற்று. குலத்தார் அதை இரகசியமாக எடுத்துச் சென்று, இன்வர்னஸுக்கருகே கர்க்ஹில் கிராமத்தில் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள் என்று மலைநாட்டார் தலைமுறை தலைமுறையாக நம்பினர். தலையில்லாத எலும்புக்கூடு ஒன்று அங்கே பெட்டியில் இருந்தது உண்மை. 2018-ல் விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்தபோது, அது ஓர் இளம் பெண்ணின் எலும்பு என்று தெரிந்தது.

பின்பு நடந்தது

கலோடனுக்குப் பின் மலைநாட்டின் பழைய வாழ்க்கையையே வேரறுக்கச் சர்க்கார் முனைந்தது. குடிகள் ஆயுதம் வைத்திருப்பது தடுக்கப்பட்டது. அவர்களுடைய தேசிய உடையை அணிவதே குற்றமாயிற்று. 1782 வரையில் அந்தத் தடை நீங்கவில்லை. குலத் தலைவர்களின் நியாயம் வழங்கும் அதிகாரமும் பறிக்கப்பட்டது.

பணயமாக வைக்கப்பட்ட மகன் ஸைமன் சிறையிருந்து, 1750-ல் மன்னிப்புப் பெற்றான். சட்டம் பயின்றான். 1757-ல் எந்த அரசரை எதிர்த்துக் கலோடனில் தன் குலம் மாண்டதோ, அந்த அரசருக்காகவே ஒரு பட்டாளம் திரட்டினான். நிலமோ பணமோ இல்லாத அவன் அழைப்புக்கும் பிரேஸர்கள் வந்தார்கள். 1759-ல் கனடாவின் க்யூபெக் நகரத்தை வென்ற படையில் அவர்கள் இருந்தனர். தளபதி யார்? கலோடனில் எதிர்ப்பக்கம் நின்ற அதே உல்ப்! 1774-ல் லவட் நிலங்கள் மகனுக்குத் திரும்பக் கிடைத்தன. தந்தை தந்திரத்தால் காக்க முடியாததை, மகன் பிறருடைய யுத்தங்களில் தன் ஆட்களின் இரத்தத்தைக் கொடுத்து மீட்டான்.

இதே வழியில் சென்ற மற்றொரு ஜாக்கபைட் பிரபுவின் மகனும் உண்டு. குரோமார்ட்டி பிரபுவின் மகனான மக்லௌட் பிரபு, 1745-ல் இளவரசருக்காகப் போரிட்டு, மரணத்திலிருந்து தப்பி மன்னிப்புப் பெற்றவர். அவர் திரட்டிய மலைநாட்டுப் பட்டாளம் 1780-ல் சென்னப்பட்டணத்தில் வந்து இறங்கியது. அவ்வருஷம் செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்தபோது, அந்தப் பட்டாளத்தின் ஒரு பகுதி அங்கே அழிந்தது. கலோடனில் தங்கள் வீட்டுக்காகப் போரிட்டவர்களின் பிள்ளைகள், எதற்கென்று அறியாமல் நம் வயல் வெளிகளில் வந்து மாண்டார்கள்.

ஃபோர்ப்ஸ் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கலாம். அரசருக்காகத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டவர் அவர். வெற்றிக்குப் பின், தோற்றவர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று மன்றாடினார். கம்பர்லண்டு அவரை எள்ளி நகையாடினார். செலவிட்ட பணமும் திரும்பவில்லை. லவட் பிரபு மாண்ட அதே 1747-ம் வருஷக் கடைசியில் மனமுடைந்து இறந்தார். ஆகவே, நேர்மையாக நடந்தவனுக்கு இவ்வுலகில் நிச்சயம் பரிசு கிடைக்கும் என்று இந்தச் சரித்திரத்திலிருந்து பாடம் படிக்க நம்மால் இயலாது.

லவட் பிரபுவுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், அவர் அரசர்களைத்தான் மாற்றினார், தம் குலத்தை ஒரு போதும் மாற்றவில்லை என்பார்கள். அதில் ஓர் அளவு உண்மை உண்டு. இரண்டு அரசர்களும் அந்த மலைநாட்டானுக்கு அந்நியர்களே. ஒருவரும் அவனுக்காக ஒரு பிடி தானியம் விதைத்ததில்லை. ஆனால் குலம் என்பது யார்? டௌனி கோட்டையும் பட்டமும்தான் குலமென்று அவர் எண்ணினார். மேஜையின் கடைக் கோடியில் உட்கார்ந்து பீர் குடித்தவனும், கலோடன் பொட்டலில் விழுந்தவனும், பைக்குழல் ஓசையில் குரல் அமிழ்ந்து போன பெண்மணியும் அவர் கணக்கில் வரவில்லை.

ஹோகார்த்தின் படத்தில் அவர் விரல் விட்டு எண்ணுவது எத்தனை வாட்கள் என்பதைத்தான். வாளைப் பிடித்த கைகளுக்கு உடையவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று எண்ணும் பொறுப்பை அவர் பிறருக்கு விட்டுச் சென்றார்.